தட்டான் வாரம்

ஸ்கூல் டூர்னாலே எல்லாரும் ஒரே மாதிரிதான் ப்ளான் பண்றாங்க. வருஷக் கடைசில, பரீட்சை எல்லாம் முடிஞ்சப்புறம், பசங்களை வண்டில ஏத்தி, எங்கயோ கூட்டிட்டுப் போய், வரிசையா நிக்க வச்சு போட்டோ எடுத்து, சாயந்தரம் தூங்கி வழியற பிள்ளைங்களை அம்மா அப்பா கைல ஒப்படைச்சா வேலை முடிஞ்சுது. மறுநாள் லீவு. பாத்ததைப் பத்தி பேசறதுக்கு கிளாஸே கிடையாது. நான் எடுக்கறது ரெண்டாங்கிளாஸ், ஏழு வயசுப் பசங்க, இவங்களுக்கு பாக்கற அன்னிக்கு கேள்வியே வராது, ஓடறதுக்கும் கத்தறதுக்கும்தான் நேரம் சரியா இருக்கும், ராத்திரி தூங்கி எந்திரிச்சு மறுநாள் வந்துதான் "மிஸ், நேத்து அங்க ஒண்ணு..."ன்னு ஆரம்பிப்பாங்க. அந்த மறுநாளை லீவு விட்டுட்டு என்ன டூர்?

அதனால இந்த தடவை டூரை வாரத்துக்கு நடுவுல வச்சேன். திங்கள் கிளாஸ், செவ்வாய் டூர், புதன் கிளாஸ், வியாழன் திரும்பவும் அதே இடத்துக்கு டூர், வெள்ளி கிளாஸ். "அதே குளத்துக்கா? பாத்ததையே போய் என்னத்த பாப்பாங்க?"ன்னு ஸ்டாஃப் ரூம்ல கேட்டாங்க. நியாயமான கேள்விதான், பெரியவங்களுக்கு. சின்னப் பசங்களுக்கு முதல் தடவை போறது இடத்தைப் பழகத்தான், எங்க ஓடலாம், எங்க வழுக்கும், யார் பக்கத்துல உக்காரலாம், டாய்லெட் எங்க, இதெல்லாம் தீந்தாதான் கண்ணு வெளிய பாக்க ஆரம்பிக்கும்.

போன இடமும் ஒண்ணும் பெரிய காடு இல்ல. ஒரு குளம், ஒரு பக்கம் நாணலும் சம்பும் அடர்த்தியா, ரெண்டு மூணு பெரிய மரம், சுத்தி நடக்க பாதை. புலி கிடையாது, யானை கிடையாது. திங்கக்கிழமை "நாளைக்கு என்னென்ன பாக்கப் போறோம், வரைங்க"ன்னு பேப்பர் குடுத்தேன். புலி, சிங்கம், ஒட்டகச்சிவிங்கி, ஏகப்பட்ட டைனோசர், ஒருத்தன் சுறா வரைஞ்சிருந்தான், குளம்னு சொன்னதுனால தண்ணில இருக்கறதா பாத்து வரைஞ்சிருக்கான், அந்த மட்டுக்கும் அவன்தான் கிளாஸ்லயே யோசிச்சவன். எதையும் திருத்தலை. எல்லாத்தையும் சுவத்துல ஒட்டிட்டேன்.

அன்னிக்கு சொல்லிக் குடுத்தது ரெண்டே விஷயம். ஒண்ணு, கண்ணை மூடிட்டு கேக்கறது. கிளாஸ்ல உக்காந்தபடியே எத்தனை சத்தம் கேக்குதுன்னு விரல் மடக்கணும், ஃபேன், பக்கத்து கிளாஸ் வாய்ப்பாடு, எங்கயோ ஒரு காக்கா. இன்னொண்ணு, அட்டைக் குழாய் வழியா பாக்கறது. பைனாகுலர் வாங்கலாமேன்னு ஒரு அப்பா கேட்டாரு, வாங்கித் தரவும் தயாரா இருந்தாரு, ஆனா பைனாகுலர் ஏழு வயசுக்கு சரிப்படாது. பறவை பாக்கறவங்க வச்சிருக்கற 8க்கு 42ன்னா எட்டு மடங்கு பெருசாக் காட்டும், முன்னாடி லென்ஸ் 42 மில்லிமீட்டர், கழுத்துல மாட்டினாலே பிள்ளை குனிஞ்சுடும், அதுவும் போக இவங்க ரெண்டு கண்ணுக்கும் நடுவுல இருக்கற தூரத்துக்கு அதை மடக்கவே முடியாது, ஒரு கண்ணுல கறுப்பா வட்டம்தான் தெரியும். வெறும் அட்டைக் குழாய் எதையும் பெருசாக்காது, சுத்தி இருக்கறதை எல்லாம் மறைச்சுடும். அலைபாயற கண்ணுக்கு அது போதும்.

செவ்வாய்க்கிழமை. வாடகை வேன், கரும்சிவப்பு கலர், டிரைவர் அண்ணன் அன்னிக்குத்தான் கழுவித் துடைச்சு பளபளன்னு கொண்டு வந்திருந்தாரு. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, அப்புறம் தேவைப்படும்.

பறவை பாக்கணும்னா விடிகாலைல போகணும். ஆனா பசங்க வந்து, அட்டெண்டன்ஸ் எடுத்து, வண்டி ஏறி, எறங்கி, தலை எண்ணி முடிக்கும்போது பத்து மணிக்கு மேல ஆயிடும். பறவைங்க பாதி நிழலுக்குப் போயிருக்கும். தட்டானுக்கு இது நேர்மாறு, அதுக்கு வெயில் ஏறி உடம்பு சூடாகணும், அப்பதான் பறக்கும், ஸ்கூல் டைம்டேபிளுக்குப் பொருந்தற உயிரினம்னா அதுதான். அதுவும் மூணடி உயரத்துலயே சுத்தும், இவங்க கண்ணு மட்டத்துல.

முதல் நாள் எதிர்பாத்த மாதிரியே போச்சு. கரையிலேர்ந்து நல்லா தள்ளி ஒரு கயிறு கட்டிட்டோம், அதைத் தாண்டக்கூடாது, ரெண்டு ரெண்டு பேரா கை கோத்துக்கணும், கூட வந்த அம்மாக்கள் ஆளுக்கு ஒரு கூட்டத்தைப் பாத்துக்கிட்டாங்க. அப்புறமும் ஒரே கூச்சல். கொக்கு பறந்துடுச்சு, மீன்கொத்தி வந்த சுவடே தெரியாம போயிடுச்சு. மரத்துல நீர்க்காகம் ஒண்ணு ரெண்டு ரெக்கையும் விரிச்சுட்டு அசையாம நின்னுச்சு, அது மட்டும்தான் எங்களுக்காகக் காத்திருந்தது. "மிஸ், புலி எப்ப வரும்?"னு ஒருத்தி கடைசி வரைக்கும் கேட்டுட்டே இருந்தா.

ஆனா ரெண்டு விஷயம் நடந்துச்சு. நாணல் தண்டுல ஒரு பையன் என்னமோ ஒட்டிட்டு இருக்கறதைப் பாத்தான். பழுப்பு கலர், ஆறு கால், பெரிய கண்ணு, முதுகு நடுவுல நீளமா பொளந்திருக்கு. "செத்துப்போச்சு மிஸ்"னான். இன்னொருத்தி கிட்ட போய்ப் பாத்துட்டு "இல்லடா, உள்ள யாருமே இல்ல"ன்னா. அங்க இருந்த காவல்காரர்கிட்ட கேட்டு அதை ஒண்ணே ஒண்ணு மட்டும் டப்பால போட்டு எடுத்துட்டு வந்தோம்.

ரெண்டாவது, கிளம்பற நேரத்துல. எல்லாரும் வேன்கிட்ட வரிசைல நிக்கறாங்க, ஒரு தட்டான் வந்து வேனோட பானட் மேல வாலால தட்டுது. ஒரு தட்டு, கொஞ்சம் மேல போகுது, திரும்ப வந்து ஒரு தட்டு. டொக் டொக்னு சத்தம் வேற கேட்டுச்சுன்னு பசங்க சத்தியம் பண்றாங்க, எனக்குக் கேக்கலை. "வேனுக்குள்ள வரணுமாம்"னு ஒருத்தன் சொல்லி எல்லாரும் சிரிச்சு, நான் தலை எண்ணி, வண்டி கிளம்பிடுச்சு.

புதன்கிழமைதான் இந்த வாரத்துலயே எனக்குப் பிடிச்ச நாள். உள்ள வந்ததும் பாடப்புத்தகம் எடுக்கலை, போர்டுல கேள்வியா எழுதிட்டே வந்தேன், பதில் எதுவும் சொல்லாம. நீர்க்காகம் ஏன் ரெக்கையை விரிச்சுட்டு நிக்குது. கொக்கு எப்டி அவ்ளோ வேகமா கொத்துது. தட்டான் ஏன் பறந்துட்டு திரும்ப அதே குச்சிக்கு வருது. அந்தத் தோல் யாரோடது. வேனை ஏன் தட்டுச்சு. புலி ஏன் வரலை. போர்டு பத்தலை, கீழ சார்ட் பேப்பர் ஒட்டினோம்.

சிலதுக்கு அப்பவே பதில் சொல்லிடலாம், சொல்லிட்டேன். நீர்க்காகத்தோட ரெக்கைல வெளிப்பக்கம் தண்ணி ஊறும், வாத்து மாதிரி முழுசா வழுக்கி ஓடிடாது, அதனாலதான் அதுக்கு உள்ள முங்கிப் போறது சுலபம், மேல வந்ததும் காய வைக்கணும். கொக்கு கழுத்து எஸ் எழுத்து மாதிரி மடங்கியே இருக்கும், கழுத்து எலும்புல ஒண்ணு மட்டும் மத்ததை விட நீளம், மடிப்பு அங்கதான், விட்டா சட்னு நீளும். கொக்கும் நாரையும் பறக்கும்போது கழுத்தைப் பாத்தே கண்டுபிடிக்கலாம், கொக்கு மடக்கிட்டுப் பறக்கும், நாரை நீட்டிட்டுப் பறக்கும். புலி விஷயத்தை விட்டுட்டேன், அதை அவங்களே பேசித் தீத்துக்கிட்டாங்க, புலிக்கு இன்னிக்கு லீவாம்.

அந்தத் தோலுக்குத்தான் ஒரு பீரியட் முழுக்க ஆச்சு. ஒரு வெள்ளைப் பேப்பர் மேல வச்சு, பூதக்கண்ணாடி குடுத்து, ஒவ்வொருத்தரா வந்து பாத்தாங்க. பொளந்த முதுகுக்குள்ளேர்ந்து வெள்ளையா நாலஞ்சு நூல் வெளிய நீட்டிட்டு இருந்துச்சு. முடியா, நரம்பா, சிலந்தி நூலான்னு ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. அது தட்டான் குட்டி மூச்சு விட்ட குழாய்களோட உள் தோல். வெளித்தோலைக் கழட்டும்போது உடம்புக்குள்ள ஓடற மூச்சுக்குழாயோட உறையும் சேந்து உருவிட்டு வந்துடும். ஒரு பொண்ணு தன் தொண்டையைத் தொட்டுப் பாத்துட்டு, எதுவும் சொல்லாம போய் உக்காந்துடுச்சு.

தட்டான் பொறந்து வளர்றது தண்ணிக்குள்ள, ரெக்கை இல்லாம, மாசக்கணக்குல, சில வகை வருஷக்கணக்குல. ரெக்கையோட நம்ம பாக்கறது அதோட கடைசி சில வாரம். இதைச் சொன்னப்ப பெருசா யாரும் ஆச்சரியப்படலை, அதோட கீழுதடு பத்தி சொன்னதும் கிளாஸ் மாறிடுச்சு. குட்டிக்கு கீழுதடு முழங்கை மாதிரி மடங்கி தாடைக்கு அடில இருக்கும், இரை பக்கத்துல வந்தா கண் சிமிட்டறதுக்குள்ள நீண்டு புடிச்சுட்டு வந்துடும். எல்லாரும் கையை மடக்கி தாடைக்கு கீழ வச்சுக்கிட்டாங்க, பக்கத்துல இருக்கறவன் ரப்பர்தான் இரை. அப்புறம் இன்னொண்ணு சொன்னேன், சொல்லியிருக்கவே வேணாம்னு பக்கத்து கிளாஸ் மிஸ் நினைச்சிருப்பாங்க. அந்தக் குட்டி மூச்சு விடறது பின்பக்கம் வழியா, அங்கதான் செவுள் இருக்கு, தண்ணியை உள்ள இழுத்து மூச்சு விட்டுக்கும், அவசரம்னா அதே தண்ணியை பீச்சி அடிச்சு முன்னால பாஞ்சு போகும். அவ்ளோதான். பெல் அடிக்கற வரைக்கும் சிரிப்பு நிக்கலை. ஆனா இன்னிக்கு வரைக்கும் அந்த கிளாஸ்ல யாரைக் கேட்டாலும் தட்டான் குட்டிக்கு செவுள் எங்க இருக்குன்னு சரியா சொல்லுவாங்க.

வேன் கேள்விக்கு பதில் சொல்லலை. "நாளைக்குப் போறோம்ல, நீங்களே கண்டுபிடிங்க, என்ன பண்ணா கண்டுபிடிக்கலாம்?"னு கேட்டேன். வேன் சூடா இருக்கறதுனால, வேன் சிவப்பா இருக்கறதுனால, வேன் பளபளன்னு இருக்கறதுனால, தட்டானுக்குக் கிறுக்கு புடிச்சதுனால. பளபளப்பை எப்படி எடுக்கறது? ஒரு பையன் "பெட்ஷீட் போத்திடலாம் மிஸ்"னான். முழுசாவா? "பாதி"ன்னா அந்த புலி கேட்ட பொண்ணு. ஏன் பாதின்னு கேட்டதுக்கு அவளுக்குச் சொல்லத் தெரியலை, ஆனா பாதிதான்னு அடம். ஒரே வேன், ஒரே நேரம், ஒரே வெயில், ஒரு பக்கம் மூடி ஒரு பக்கம் திறந்து. சோதனைன்னா என்னன்னு நான் ஒரு மாசம் சொல்லிக் குடுத்திருந்தாலும் இதை விட சரியா வந்திருக்காது.

சிம்பன்சி ஆராய்ச்சியாளர் ஜேன் குட்ஆல் சின்ன வயசுல, நாலரை வயசுன்னு அவங்களே சொல்லியிருக்காங்க, கோழி முட்டை எங்கேர்ந்து போடுதுன்னு பாக்க கோழிக்கூண்டுக்குள்ள போய் மணிக்கணக்கா ஒளிஞ்சு உக்காந்துட்டாங்க. வீட்ல காணோம்னு தேடி அலைஞ்சிருக்காங்க. திரும்பி வந்தப்ப அம்மா திட்டலை, உக்கார வச்சு கதையைக் கேட்டாங்களாம். 1960-ல கோம்பே காட்டுக்குப் போய் சிம்பன்சிங்களைப் பாத்ததெல்லாம் அப்புறம். இந்தக் கதையைச் சொல்லித்தான் வியாழக்கிழமை ரூலைச் சொன்னேன், ஒவ்வொரு கூட்டமும் ஒரே ஒரு குச்சியைப் பாக்கணும், வேற எங்கயும் போகக்கூடாது.

வியாழக்கிழமை அதே வேன், அதே கயிறு, அதே டிரைவர் அண்ணன். எறங்கினதும் யாரும் ஓடலை. நான் ஒண்ணும் மிரட்டலை, அவங்களுக்கு வேலை இருந்துச்சு, அவ்ளோதான். திங்கக்கிழமை சுறா வரைஞ்ச பையன் நேரா அந்த நாணல்கிட்ட போய் இன்னும் ரெண்டு தோல் கண்டுபிடிச்சு, தொடாம, விரல் நீட்டிக் காட்டினான்.

குச்சி பாக்கற வேலை முதல்ல சலிப்பாத்தான் இருக்கும். தட்டான் இருக்கு, பறந்துடுச்சு, இல்ல. "போயிடுச்சு மிஸ்." இருடா. திரும்ப வந்து அதே நுனில உக்காந்துச்சு. போச்சு. வந்துச்சு. ஒரு கூட்டம் கோடு போட்டு எண்ண ஆரம்பிச்சாங்க, இன்னொரு கூட்டம் அது வரும்போது வாய்ல ஏதாவது இருக்கான்னு பாத்தாங்க. பறந்துட்டு இருக்கற கொசுவையும் ஈயையும் காத்துலயே புடிச்சுத் தின்னுட்டு வருது, குறி தப்பறது ரொம்பக் குறைவு, சோதனைக் கூடத்துல பாத்தப்ப நூத்துக்குத் தொண்ணூறுக்கு மேலயே புடிச்சிருக்கு. வெயில் ஏற ஏற ஒரு தட்டான் மெதுவா வாலைத் தூக்கி, கடைசில நட்டுக்குத்தலா மேல நீட்டிட்டு நின்னுச்சு. "உடற்பயிற்சி பண்ணுது"ன்னாங்க. அதோட நிழலைப் பாக்கச் சொன்னேன். முன்னாடி நீளமா இருந்த நிழல் இப்ப புள்ளியா சுருங்கியிருந்துச்சு. வெயில் உடம்புல படற பரப்பைக் குறைச்சுக்குது. நிழலைப் பாத்தவுடனே ரெண்டு பேர் தாங்களே கையைத் தலைக்கு மேல குவிச்சு நின்னு கீழ பாத்தாங்க.

இன்னொரு பக்கம் ஒரு சிலந்தி வலைல தட்டான் மாட்டிக்கிச்சு. உயிரோட. சிலந்தி வந்து சுத்திச் சுத்தி நூல் கட்டுது. காப்பாத்தணும்னு ஒரு கட்சி, விட்டுடணும்னு ஒரு கட்சி, ரெண்டும் என்னைப் பாக்குது. கையை விடக்கூடாதுன்னு சொன்னேன், காரணமும் சொன்னேன், அந்தக் கொசுவுக்கு நம்ம யாரும் கட்சி பேசலையேன்னும் கேட்டேன். ஒரு பொண்ணுக்கு அது போதலை. சாயந்தரம் வரைக்கும் என்கூட பேசலை, டாட்டா கூட காட்டலை. அவ கோபம் எனக்குப் புரியுது, அதை அவசரமா சமாதானப்படுத்தணும்னு தோணலை.

அப்புறம் வேன். டிரைவர் அண்ணன் பானட்ல பாதிக்கு பழைய பெட்ஷீட்டை அவரே இழுத்து விரிச்சு, காத்துல பறக்காம வைப்பர்ல சொருகி விட்டாரு. பசங்க தூரத்துல வட்டமா உக்காந்தாங்க. முதல்ல எதுவுமே வரலை. ஒருத்தன் தூங்கியே போயிட்டான். அப்புறம் ஒண்ணு வந்து, திறந்த பக்கத்துல, டொக். யாரும் மூச்சு விடலை. இன்னொண்ணு. அதுவும் திறந்த பக்கம். துணி பக்கமா வந்தது கூட ஒரு சுத்து சுத்திட்டு இந்தப் பக்கம் வந்துடுச்சு. மொத்தமா வந்ததே கொஞ்சம்தான், இதை வச்சு உலகத்துக்கு எதையும் நிரூபிக்க முடியாது, ஆனா ஏழு வயசுக்கு "பளபளப்புதான்!"னு கத்த இது தாராளம்.

அவங்க கண்டுபிடிச்சது சரிதான். பொம்பளைத் தட்டான் தண்ணில வாலைத் தட்டித் தட்டி முட்டை போடும். தண்ணியை அது ஈரத்தை வச்சு கண்டுபிடிக்கறதில்ல, ஒளியை வச்சு. தண்ணி மேல பட்டுத் திரும்பற ஒளி கிடைமட்டமா ஒரே தளத்துல அதிரும், அது நம்ம கண்ணுக்குத் தெரியாது, பூச்சிங்க பலதுக்குத் தெரியும். பாலிஷ் போட்ட கார் பானட்டும் அதே ஒளியைத்தான் திருப்பி அனுப்புது. ஹங்கேரில காபோர் ஹோர்வாத் குழு இதையெல்லாம் வருஷக்கணக்கா ஆராய்ஞ்சிருக்காங்க, சிவப்பும் கறுப்பும்தான் தண்ணிப் பூச்சிங்களை ரொம்ப இழுக்குது, வெள்ளை குறைவுன்னு 2006-ல எழுதினாங்க. எங்க வேன் கரும்சிவப்பு. பாவம், போட்ட முட்டை எல்லாம் பானட் சூட்டுல காஞ்சு போயிருக்கும்.

வெள்ளிக்கிழமை சுருக்கமா சொல்றேன். நூல்கண்டு விளையாட்டு விளையாடினோம், கொசு, தட்டான், சிலந்தி, கொக்குன்னு ஆளுக்கு ஒரு வேஷம், யார் யாரைத் திம்பாங்களோ அவங்களுக்கு நூல் போகணும், கடைசில பெரிய சிக்கல் ஆகி கத்திரி தேவைப்பட்டுச்சு. பாண்டலா ஃப்ளேவசன்ஸ்னு ஒரு தட்டான், அன்டார்டிகா தவிர எல்லாக் கண்டத்துலயும் இருக்கு, இந்தியப் பெருங்கடலையே தாண்டிப் போகும்னு மாலத்தீவுல இருந்த உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன் 2009-ல எழுதினாரு, போய்த் திரும்பற சுத்துப்பாதை 14,000 கிலோமீட்டருக்கு மேல, அதை ஒரே பூச்சி முடிக்கறதில்ல, தலைமுறை தலைமுறையா முடிக்கும். உலக உருண்டைல விரல் வச்சுக் காட்டினப்ப "நடுக்கடல்ல உக்கார குச்சி எங்க மிஸ்?"னு ஒரு கேள்வி வந்துச்சு. குச்சி இல்ல, காத்துலயே சறுக்கிட்டுப் போகும். முப்பது கோடி வருஷத்துக்கு முன்னாடி இருந்த தட்டானோட பெரிய சொந்தக்காரன் மெகநியூராவையும் பேப்பர்ல வெட்டினோம், ரெக்கை இந்த நுனிலேர்ந்து அந்த நுனி வரைக்கும் 65 சென்டிமீட்டருக்குக் கிட்ட, டைனோசர் வரைஞ்சவங்க எல்லாருக்கும் ஒரு வழியா மனசு ஆறுச்சு.

ஒரு அம்மா கேட்ல நிறுத்தி, "டூர் போய் வெறும் பூச்சிதான் பாத்தாங்களாமே"ன்னு கேட்டாங்க. ஆமாங்கன்னேன். அந்தத் தோல் இருந்த டப்பாவைக் காட்டினேன், அவங்களும் பூதக்கண்ணாடியை வாங்கிக்கிட்டாங்க, பையன்தான் பக்கத்துல நின்னு மூச்சுக்குழாயை விளக்கினான், பின்பக்கம் மூச்சு விடற விஷயத்தையும் சேத்து.

பசங்க டிரைவர் அண்ணனுக்கு ஒரு லெட்டர் எழுதிக் குடுத்தாங்க, குளத்துக்குப் போனா மரத்தடி நிழல்ல நிறுத்துங்க, இல்லன்னா பெட்ஷீட் முழுசா போத்துங்க, பாதி வேண்டாம், அது சோதனைக்கு மட்டும்தான்னு. அவரு அதை மடிச்சு முன் கண்ணாடிகிட்ட சொருகிட்டு, "அடுத்த தடவை வேனைக் கழுவாம கொண்டு வந்தா போதுமா மிஸ்?"னு கேட்டாரு. தூசி படிஞ்ச வண்டி அவ்ளோ மின்னாது, நல்ல யோசனைதான்னு சொன்னேன். அடுத்த டெர்ம்ல விடியறதுக்கு முன்னாடியே போகணும்னு எழுதிக் குடுத்திருக்கேன், தட்டான் தோலைப் பொளந்துட்டு வெளிய வர்றது பெரும்பாலும் ராத்திரியும் விடிகாலையும்தான். அஞ்சரைக்கு பிள்ளையைக் கொண்டு வந்து விடுவீங்களான்னு கேட்டு ஒரு சர்க்குலர் அனுப்பினேன், பாதிப் பேர் சரின்னு கையெழுத்துப் போட்டுட்டாங்க, மீதிப் பேருக்கு பசங்க வீட்ல நச்சரிச்சுட்டு இருக்காங்க.